வெளிநாட்டில் படித்துக்கொண்டு வேலை: விளம்பரங்கள் போடாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஞாயிறு பத்திரிகைகளின் விளம்பரங்களும், பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் தொங்கும் பதாகைகளும் ஒரே வாசகத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன: படித்துக்கொண்டே உழைக்கலாம், கட்டணத்தை அங்கேயே வேலைசெய்து கட்டலாம். இதில் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி, நம் பிள்ளைகள் அதிகம் போகும் நாடுகளைப் பொறுத்தவரை, ஒரு தாளையும் பேனையையும் எடுத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே கவிழ்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் நகை அடகுக்குப் போவதற்கு முன் செலவிடப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பிரித்தானியாவை முதலில் எடுப்போம். பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட பாடநெறி என்றால் 10 மணித்தியாலம்தான். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண். 20 மணிக்கு 254 பவுண், மாதத்துக்குச் சராசரி 1,101 பவுண். விசா கொடுக்கும் அதே அரசாங்கம், ஒரு மாணவருக்கு வாழ்க்கைச் செலவாக மாதம் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது தெரியுமா? 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். வாரம் தவறாமல் 20 மணியும் கிடைத்து, ஒரு நாள்கூடச் சுகமில்லாமல் போகாமல் உழைத்தாலும் லண்டனில் மாதாமாதம் 428 பவுண் துண்டு விழுகிறது. வெளியூரிலும் 70 பவுண் போதாது. கல்விக் கட்டணம் இன்னும் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

உயர்தரம் முடித்து நேராகப் போகும் 19 வயதுப் பிள்ளைக்கு நிலைமை இன்னும் இறுக்கம். 18 முதல் 20 வயது வரையானவர்களுக்குரிய ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 10.85 பவுண். மாதம் 940 பவுண்தான் வரும். முகவர்கள் மேசையில் வைத்துக் காட்டும் கணக்கில் எப்போதும் பெரியவர்களின் சம்பளமே இருக்கும்.

திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். லண்டன் செலவான 1,529 பவுணை 12.71 பவுண் வீதம் உழைக்க வாரத்துக்குக் கிட்டத்தட்ட 28 மணித்தியாலம் வேண்டும். கட்டணம் வருடம் 15,000 பவுண் என்று வைத்துக்கொண்டால் அதற்கு இன்னும் 23 மணித்தியாலம். ஆக 51 மணித்தியாலம், அதுவும் வரி வெட்டாமல். சட்டம் விடுவது 20. மிச்சம் 31 மணித்தியாலத்தை எங்கே செய்வது என்ற கேள்விக்கு முகவரிடம் பதில் இருக்காது. அங்கே போய் இறங்கிய பிள்ளைக்கு மட்டும் யாராவது ஒருவர் ஒரு பதிலைக் காதோடு சொல்லுவார். அந்தப் பதிலைப் பற்றிப் பின்னால் எழுதுகிறோம்.

இந்த இடத்தில் 28 நாள் கதையையும் சொல்லிவிட வேண்டும். பிரித்தானிய விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மிச்சமும், அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் மாணவரின் அல்லது பெற்றோரின் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். அங்கே போய் உழைக்கப்போகும் பகுதிநேரச் சம்பளத்தை இதில் சேர்த்துக் காட்ட முடியாது. விதி இப்படி இருப்பதற்குக் காரணமே, பகுதிநேர வேலையை நம்பி ஒருவர் வந்து இறங்கக்கூடாது என்பதுதான். ஆனால் இங்கே நடப்பது வேறு. வட்டிக்குப் பணத்தை எடுத்து, 28 நாள் கணக்கில் நிறுத்தி, வங்கிக் கடிதம் எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விசா வந்துவிடும். பிள்ளை ஹீத்ரோவில் இறங்கும்போது கையில் இருப்பது இரண்டு மாத வாடகைக்கும் காணாது. மணித்தியால வரம்பை மீறுகிறவர்களில் பலர் பேராசையால் மீறுவதில்லை. அவர்களுக்கு மீறாமல் இருக்க வழியில்லாதபடி இங்கேயே, கொழும்பிலேயே, ஏற்பாடு முடிந்துவிடுகிறது.

இனி, 20 மணித்தியாலம் எப்படி எண்ணப்படுகிறது என்பது. இதில்தான் நேர்மையான பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். வாரம் என்றால் திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய. சராசரி எடுக்க முடியாது. போன வாரம் 12 மணிதான் செய்தேன், அதனால் இந்த வாரம் 28 செய்யலாம் என்பது செல்லாது. இரண்டு இடங்களில் வேலை என்றால் இரண்டும் கூட்டப்படும், சம்பளமில்லாத வேலையும் சேரும். முதியோர் இல்லத்தில் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடியும் இரவுக் கடமையில் 2 மணித்தியாலம் ஒரு வாரத்துக்கும் 6 மணித்தியாலம் அடுத்த வாரத்துக்கும் போகும். கடையின் கடமைப் பட்டியல் ஞாயிறிலிருந்து சனி வரை போடப்பட்டிருந்தால் முகாமையாளரின் கணக்கும் குடிவரவுத் திணைக்களத்தின் கணக்கும் ஒத்துவராது. ஒவ்வொரு கடமையின் தொடக்க, முடிவு நேரங்களைத் தாங்களே குறித்து வைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது.

முதுமாணி மாணவர்களுக்கு ஒரு தனிப் பொறி உண்டு. விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்பதை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை முழுநேரம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். இளமாணிப் படிப்புக்கு அது சரி. ஒரு வருட முதுமாணியில் கோடைகாலம் ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம், அது தவணைக் காலமாகவே கருதப்படும். வகுப்பு நடக்காவிட்டாலும் 20 மணிதான். பெரும்பாலான பாடநெறிகளில் முழுநேரம் செய்யக்கூடியது நத்தார், ஈஸ்டர் விடுமுறைகளில் மட்டும், பிறகு பாடநெறி முடிவுத் திகதிக்கு அப்பால் விசாவில் மிஞ்சும் நாட்களில். உங்கள் பாடநெறிக்குரிய தவணைத் திகதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு எடுப்பவரும் அதைக் கேட்டு வாங்கிக் கோவையில் வைத்திருக்க வேண்டியவர்.

சுயதொழிலுக்கு அனுமதியில்லை. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலைகள் பெரும்பாலும் சுயதொழில் ஒப்பந்தத்தில் நடப்பவை, ஆகவே மாணவர் விசாவில் அவற்றைச் செய்யக்கூடாது, ஒரு மணித்தியாலம் என்றாலும். வேறொருவரின் கணக்கை வாரவாடகைக்கு எடுத்து ஓடுவது அதைவிட மோசம்: விசா நிபந்தனை மீறலோடு ஆள்மாறாட்டமும் சேர்ந்துவிடும். விபத்து நடந்தால் காப்புறுதியும் இல்லை.

வேலை கிடைத்ததும் கேட்கப்படுபவை இரண்டு. ஒன்று, வேலை செய்யும் உரிமையைக் காட்டும் பகிர்வுக் குறியீடு. பழைய பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் 2024 டிசெம்பர் 31உடன் காலாவதியாகிவிட்டன. இப்போது எல்லாம் மின்விசா. இணையக் கணக்குக்குள் போய் எடுக்கும் இந்தக் குறியீடு 90 நாட்களுக்குச் செல்லும். மற்றது தேசியக் காப்புறுதி இலக்கம். அது இலவசம், அந்நாட்டுக்குப் போன பிறகு இணையத்தில் விண்ணப்பிப்பது. அதை எடுத்துத் தருவதாகக் கொழும்பில் யாராவது காசு கேட்டால் அதைவிடச் சுத்தமான ஏமாற்று வேறில்லை. இலக்கம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை, விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

முதல் நாளில் தரப்படும் புதிய ஊழியர் படிவத்தில் ஏ, பி, சி என்று மூன்று கூற்றுகள் இருக்கும். ஏப்ரல் 6இல் தொடங்கும் அந்த வரி வருடத்தில் இதுதான் முதல் வேலை என்றால் ஏ. அவசரத்தில் சியில் அடையாளமிட்டால் முதல் பவுணிலிருந்தே 20 வீதம் வரி வெட்டப்படும். வருடம் 12,570 பவுண் வரை வருமான வரி கிடையாது. முதல் வேலைக்குரிய சரியான வரிக் குறியீடு 1257எல் என்று சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும். இரண்டாவது வேலைக்குப் பொதுவாக முழுத்தொகைக்கும் 20 வீதம் வெட்டுவார்கள், மிகையாக வெட்டியதைத் திருப்பிப் பெறலாம். வேலையை விடும்போது தரப்படும் பி45 துண்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் அடுத்த இடத்தில் இந்தத் தலையிடி இருக்காது. சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் பகுதிநேர ஊழியருக்கு உண்டு. வருடம் 5.6 வாரம், அதாவது வாரம் 20 மணி செய்பவருக்கு 112 மணித்தியாலம். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. மாணவர்களுக்கு விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று சொல்லும் முதலாளி ஒன்றில் சட்டம் தெரியாதவர், இல்லாவிட்டால் நன்றாகத் தெரிந்தவர்.

அவுஸ்திரேலியாவில் கணக்கு கொஞ்சம் நல்லது, அதை மறைக்கத் தேவையில்லை. 2023 ஜூலை 1 முதல் வரம்பு இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம். 2025 ஜூலை முதல் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 24.95 அவுஸ்திரேலிய டொலர். நிரந்தரமில்லாத கெஷுவல் வேலை என்றால் அதற்கு மேல் 25 வீதம் கூடுதல். அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தாலே மாதம் 2,595 டொலர் வரும். விசாவுக்குக் காட்டச் சொல்லும் வாழ்க்கைச் செலவு வருடம் 29,710 டொலர், மாதத்துக்கு 2,476. ஆகவே முழு மணித்தியாலமும் கிடைத்தால் சாப்பாடும் வாடகையும் ஓடலாம். கட்டணம் ஓடாது. விசாக் கட்டணம் மட்டுமே 2025 ஜூலை முதல் 2,000 டொலர், அது விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது.

அங்கே தடுக்கி விழும் இடம் 'இரு வாரம்' என்பதன் எண்ணிக்கை. எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கும் 14 நாளையும் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 24 செய்தால்? முதலிரண்டும் 48, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 52, மீறல். சம்பளக் காலம் முடிந்ததும் மீற்றர் பூச்சியத்துக்குப் போய்விடும் என்று நினைப்பவர்கள் இதில்தான் பிழைவிடுகிறார்கள். பாடநெறி தொடங்குவதற்கு முன் வேலை செய்யவே முடியாது. முன்கூட்டியே போய் இறங்கிக் காசு சேர்க்கலாம் என்ற திட்டம் சரிவராது. ஆய்வுவழி முதுமாணியும் கலாநிதிப் படிப்பும் தொடங்கியவர்களுக்கு மட்டும் வரம்பில்லை.

வரிக்கோப்பு இலக்கத்தை இலவசமாக எடுக்கலாம். அதைக் கொடுக்காவிட்டால் 47 வீதம் வரை வெட்டுவார்கள். சுத்திகரிப்பு வேலைகளில் அதற்குப் பதிலாக வியாபார இலக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்பார்கள். எடுத்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர்: வரியை நீங்களே கட்ட வேண்டும், காயப்பட்டால் நட்டஈடு இழுபறி, ஓய்வூதிய நிதியும் போடமாட்டார்கள். அந்த நிதி சின்ன விஷயமில்லை. இங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போடுவதைப் போல அங்கும் 2025 ஜூலை முதல் சம்பளத்துக்கு மேலதிகமாக 12 வீதம் போட வேண்டும். விசா முடிந்து நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறிய பிறகு அதை எடுக்கலாம், 35 வீதம் வரி போகும். எடுப்பதற்கு நிதியின் பெயரும் அங்கத்துவ இலக்கமும் தேவை. வேலைக்கு வேலை புது நிதியில் சேர்ந்துவிட்டு எந்தத் தாளையும் வைத்திராதவர்கள் கொழும்புக்கு வந்தபின் தேடுகிறார்கள்.

கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலம். இது 2024 நவம்பர் 8 முதல். 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை வரம்பு தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் போன அண்ணாவும் மச்சாளும் 40 மணி செய்து கட்டணம் கட்டியது உண்மைதான். அவர்கள் சொல்வதை வைத்து இன்று திட்டம் போடுவதுதான் பிழை. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 கனேடிய டொலர். 24 மணிக்கு மாதம் 1,830 டொலர் வருகிறது. 2025 செப்டெம்பர் முதல் தனியாளுக்குக் காட்டச் சொல்லும் வாழ்க்கைச் செலவு வருடம் 22,895 டொலர், மாதம் 1,908. இங்கும் கழித்தால் மைனஸ். ஓய்வூதியத் திட்டத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் வெட்டுவது வேறு.

அங்கே கவனிக்க வேண்டியது படிப்பு அனுமதிப் பத்திரத்தில் வேலை செய்யலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்பது. விமான நிலையத்தில் பத்திரத்தைக் கையில் தரும்போதே வாசித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்பது சுலபம், பிறகு திருத்துவதற்கு நாட்கள் போகும். அந்தக் குறிப்பு இல்லாமல் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்க முடியாது. ஆங்கில மொழிப் பாடநெறி மட்டும் படிக்கப் போகிறவருக்கு வெளிவேலை அனுமதி இல்லை. விடுமுறையில் முழுநேரம் செய்ய, அதற்கு முந்திய தவணையிலும் பிந்திய தவணையிலும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். ஒரு தவணை படிப்பை இடைநிறுத்திவிட்டு உழைப்போம் என்று நினைத்தால் அந்தக் காலத்தில் ஒரு மணித்தியாலமும் வேலை செய்ய முடியாது. வருமானம் சொற்பம் என்றாலும் ஏப்ரல் 30க்குள் வரி விவரணத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டிய கல்விக் கட்டணத்துக்கான வரிச் சலுகையைப் பின்வரும் வருடங்களுக்குக் கொண்டுபோகலாம்.

யப்பானுக்கு மொழிப் பாடசாலை வழியாகப் போகிறவர்கள் பலர். அங்கே மாணவர் விசா மட்டும் இருந்தால் வேலை செய்ய முடியாது. தனியாக ஒரு அனுமதி எடுக்க வேண்டும். விமான நிலையத்தில் இறங்கும்போதே விண்ணப்பித்தால் வதிவிட அட்டையின் பின்பக்கத்தில் குறித்துத் தருவார்கள். வாரம் 28 மணித்தியாலம், பாடசாலையின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8. அந்த வாரம் எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் 28ஐத் தாண்டக்கூடாது. கேளிக்கை மதுச்சாலை, பச்சிங்கோ சூதாட்டக் கூடம் போன்ற இடங்களில் கோப்பை கழுவுவதும் கூட்டித் துடைப்பதும்கூடத் தடை. தோக்கியோவில் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 1,226 யென். 28 மணிக்கு வாரம் 34,328 யென். 'இரண்டு இடத்தில் செய்தால் யாருக்குத் தெரியும்' என்பவர்களுக்கு: விசா நீடிக்கும்போது நகராட்சியின் வரிச் சான்றிதழைக் கேட்பார்கள். இரண்டு இடத்துச் சம்பளமும் அதில் ஒன்றாக அச்சாகியிருக்கும். மொத்தத்தை மணிச் சம்பளத்தால் வகுக்க அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நியூஸிலாந்தில் 2025 நவம்பர் முதல் வாரம் 25 மணித்தியாலம். அமெரிக்காவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்குள் மட்டும், தவணைக் காலத்தில் வாரம் 20. ஜேர்மனியில் வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள், 2026இல் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லாததால் கணக்கு ஓரளவு ஒத்துவரும் நாடு அதுதான். ஆனால் வருடத்துக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கவிடும் முடக்கிய கணக்கில் முதலிலேயே போட வேண்டும். ஜேர்மன் மொழி பேச வராதவருக்குச் சின்ன நகரங்களில் கடை வேலைகூடக் கிடைப்பது கஷ்டம்.

முன்னே தள்ளிவைத்த பதிலுக்கு வருவோம். லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், ரொறன்ரோவின் ஸ்காபரோ, மெல்பேர்னின் டண்டினோங் எங்கே போனாலும் நம்மவரின் பலசரக்குக் கடையும் பெற்றோல் நிலையமும் இருக்கும். 'மிச்ச மணித்தியாலத்தை கைக்காசாகச் செய் தம்பி' என்பார்கள். சட்டப்படி நடத்தும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களை இதில் சேர்க்கவில்லை. கைக்காசு கொடுப்பவர் ஆகக்குறைந்த சம்பளத்தைக் கொடுப்பது அரிது. அதைக் கொடுக்காமல் விடுவதற்காகத்தானே கைக்காசு. சம்பளச் சீட்டு இல்லை, விடுமுறை இல்லை, கல்லாவில் காசு குறைந்தால் கணக்கு மாணவர் தலையில். கடைசி இரண்டு வாரச் சம்பளத்தை 'பிறகு பார்ப்போம்' என்று நிறுத்திவைத்தாலும் முறைப்பாடு செய்யப் பயம். பிரித்தானியாவில் அனுமதியில்லாமல் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் 2024 பெப்ரவரி முதல் முதலாளிக்கு ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், மறுமுறை 60,000 வரை. சோதனை வரும் நாளில் அந்த முதலாளி யாரைக் காப்பாற்றுவார் என்று யோசித்துப் பாருங்கள். மாணவரின் விசா இரத்தாகலாம், பல்கலைக்கழகம் விசாவுக்குக் கொடுத்த அனுசரணையை விலக்கும். கட்டிய கட்டணம் பெரும்பாலும் போனதுதான், அடுத்த நாட்டு விசா விண்ணப்பத்திலும் அந்த இரத்தை எழுத வேண்டி வரும்.

அதற்காக, வரம்புக்குள் வேலை செய்து சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில் நியாயமான வேலைக் கண்காணிப்பாளர் அலுவலகம் விசா வகையைப் பார்க்காமல் முறைப்பாட்டை எடுக்கும், தமிழில் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது அங்கே குற்றவியல் குற்றம். பிரித்தானியாவில் ஏகாஸ் என்ற அமைப்பின் இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்கும் முதல் ஆதாரம், நீங்கள் எழுதி வைத்த மணிக்கணக்கும் வங்கிக்கு வந்த சம்பளமும்தான்.

இன்னொரு பொறி வங்கிக் கணக்கு. 'உன் கணக்குக்கு ஒரு தொகை வரும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பு' என்பது பகுதிநேர வேலை இல்லை, அது பணச்சலவை. ஊருக்குக் காசு அனுப்பும் உண்டியல்காரர் மாணவர் கணக்கைக் கேட்டாலும் அதே ஆபத்துத்தான். கணக்கு மூடப்பட்டால் வேறு வங்கியில் திறப்பதும் குதிரைக் கொம்பு, சம்பளம் வாங்கவும் வழியிருக்காது.

புறப்படுவதற்கு முன் கொழும்பில் செய்யக்கூடியவை சில. நம் சுயவிபரக்கோவையில் தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை, படம், சாதாரண தரப் பெறுபேறு ஒவ்வொன்றாக, அடியில் 'உறவினரல்லாத இருவர்' எல்லாம் இருக்கும். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியாவில் பகுதிநேர வேலைக்கு ஒரு பக்கம் போதும். மேலே சொன்னவற்றில் எதுவும் வேண்டாம். எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வேலைக்கு வர முடியும் என்பதை மேலேயே எழுதுங்கள், கடை முகாமையாளர் முதலில் தேடுவது அதைத்தான். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் அங்கே எதற்கும் உதவாது. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் மூன்று மாதம் காசாளராக நின்றதற்கு, மின்னஞ்சல் முகவரியோடு ஒரு கடிதம் வாங்கிப் போனால் அது உதவும். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைப்பவர் பொலிஸ் நற்சான்றிதழை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம், அங்கிருந்து எடுப்பித்தால் தாமதமாகும். அவுஸ்திரேலியாவில் மது பரிமாறும் உணவகத்தில் நிற்பதற்கு ஒரு சான்றிதழும், கட்டட வேலைத்தளத்துக்கு வேறொன்றும் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுவதால் அவற்றைப் போன பிறகு எடுப்பதே சரி.

எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று மாதச் செலவு. வங்கிக் கணக்கு திறக்க, இலக்கங்கள் எடுக்க, வேலை தேட, வேலை கிடைத்த பின்னும் மாதச் சம்பளம் என்றால் நான்கைந்து வாரம் காத்திருக்க, இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. செப்டெம்பரில் போனவர் நத்தார் சீசனுக்கு ஆள் எடுக்கும் நேரத்தைப் பிடிக்கலாம். ஜனவரியில் போகிறவர் சீசன் முடிந்து ஆட்களைக் குறைக்கும் நேரத்தில் இறங்குகிறார். ஜனவரி அனுமதிக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. முகவர்களில் பெரும்பாலோருக்கு வருமானம், மாணவர் சேர்ந்ததும் அந்த நிறுவனம் கொடுக்கும் கொமிஷனிலிருந்து வருகிறது. மாணவரின் இரண்டாம் வருடக் கட்டணம் அவர்களின் கவலை அல்ல.

சட்ட நிலையையும் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். கல்வி ஆலோசனை நிலையம் என்ற பெயர்ப்பலகையைப் போட்டுக்கொண்டு, 'மாணவர் விசா, வேலை நிச்சயம்' என்று காசு வாங்குகிறவரிடம் அந்த அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். மாணவர் விசா வேலை விசா அல்ல. பணியகத்தின் பதிவும் காப்புறுதியும் வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. வேலை கிடைக்காவிட்டால் காசு திரும்பும் என்று வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொன்னால் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வீட்டுக்காரரிடமும் ஒன்று. கடன் தவணை எட்டாம் திகதி, வட்டி கட்ட இன்னும் 40,000 ரூபாய் வேண்டும் என்று வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவு, அந்த மாதம் பிள்ளை எத்தனை மணித்தியாலம் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது. முதல் வருடத்தில் பிள்ளையின் சம்பளத்தை நம்பித் தவணை வைக்காத கடனாகப் பாருங்கள். வங்கிக் கல்விக் கடன் எடுப்பவர்கள் சலுகைக் காலம் எப்போது முடிகிறது, அதற்குள் வட்டி மட்டும் கட்டவேண்டுமா, மாணவர் படிப்பை இடையில் விட்டால் பிணை நின்றவர் என்ன கட்டவேண்டும் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இந்த விளம்பரங்களை வெளியிடுவதில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் பங்கு இருப்பதால் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம் ஒவ்வொன்றிலும் மூன்று விபரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உங்கள் விளம்பரப் பிரிவு நிபந்தனை போடலாம்: அந்த விசாவில் வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட மணித்தியாலம், அந்நாட்டு அரசு கேட்கும் மாதாந்த வாழ்க்கைச் செலவு, முழுப் படிப்புக்குமான மொத்தக் கட்டணம். மூன்றும் பகிரங்கமான தகவல்கள், ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரியைப் போட மறுக்கும் நிறுவனம் எது என்று தெரிந்துகொள்வதும் வாசகருக்குப் பயனுள்ளதே.

இப்படிக்கு,
மாணவர் விசா, வரி ஆவணங்களில் பணியாற்றும் வாசகர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.